அண்ணன் போட்ட கணக்கு

அன்று ஐந்தாம் தர வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள். தர்ஷினி மட்டும் ஒன்பதாவது நாளாக வரவில்லை.

ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியர். பிள்ளைக்கு ஏற்றபடி கணக்குக் கொடுக்கும் போன் செயலியில் வீட்டில் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தேன். தர்ஷினிக்கு எல்லாம் சரியாக வந்ததால் கெட்டிக்காரக் குழுவில் சேர்த்தேன். கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னபோது விழித்தாள். அதோடு பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு, அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

“போன் இவ அண்ணன்கிட்டதாங்க சேர் இருக்கு. கணக்கெல்லாம் அவன்தான் போடுவான்,” என்றார் அவள் அம்மா.

“எனக்கு வகுத்தலே வராது சேர். ‘கெட்டிக்காரி வாறா’ன்னு கேலி பண்றாங்க,” என்று தர்ஷினி அழுதாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எங்களுக்கும் ஒரே போன்தான். இருந்தும், கணக்கை வேறு யாராவது போட்டிருக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை.

இப்போது செயலியின் முதல் சில கணக்குகளைப் பிள்ளைகளை வகுப்பில், என் போனில், என் கண்முன் செய்ய வைக்கிறேன். போன் யார் கையில் என்று நான் கேட்காததால் தர்ஷினி இழந்தது ஒன்பது நாள் படிப்பு.