இருபத்து மூன்றாம் எண் கடை

இல்லை, பலர் கேட்டீர்கள், மேடத்தின் கடைசி நேரத்தில் நான் அருகில் இல்லை. யாருமே இல்லை. திங்கட்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கடையில் தோல் வெட்டும் ஆறுமுகம் எங்கள் மாட்டுங்கா வீட்டு மாடிப்படியில் வந்து நின்றார். தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"டைப்பும்மா, மேடம் போயிட்டாவ. கடை தொறக்கலையேன்னு வீட்டுல போய்த் தட்டுனேன்."

கைப்பையை உள்ளே வைத்துவிட்டு அவரோடு இறங்கினேன்.

லோட்டெ மேடத்தின் தோல் பைக் கடையைக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அறியாதவர்கள் குறைவு. ஜெர்மனியிலிருந்து வந்த யூதர் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். பிராங்க்ஃபர்ட்டில் அவருடைய தந்தைக்குக் கையுறைக் கடை இருந்தது என்பது சிலருக்கே தெரிந்திருக்கும். போருக்கு முன் மகளை மட்டும் கப்பலேற்றி அனுப்பியவர் அந்தத் தந்தை. அவர் வரவில்லை. "பம்பாயில் கையுறை விற்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போடுவார்கள். அதனால் பை" என்பார் மேடம்.

கல்லூரி முடித்த வருடத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கடிதங்கள் டைப் அடித்துக் கொடுத்தேன். ஒருநாள் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போருக்குப் பின் மிஞ்சிய சில யூதர்கள் அங்கே ஒரு சிறு சங்கம் நடத்துகிறார்கள். பழைய தெருக்களில் இருந்த யூதர்களின் கடைகளையும் சங்கங்களையும் பட்டியல் எடுக்கிறார்கள். மேடத்தின் தெருவிலிருந்து உயிரோடு பதில் எழுதியவர் அவர் ஒருவர்தான். அவர் சொல்லாத கடை இனி எந்தத் தாளிலும் இருக்காது.

இப்போது எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று அவர்கள் ஜெர்மனில் எழுதினார்கள். இவர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பார். நான் இரண்டு பத்திகளாக அடிப்பேன். முன். பின். கடைகள் பறிபோனதற்கு முன்னும் பின்னும்.

"ஒன்பதாம் எண். ரொட்டிக்கடை. பின்: வேறொருவரின் ரொட்டிக்கடை. அதே அடுப்பு."

"பதினான்கு. மாதர் சங்கம். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுத்தார்கள். பின்: கார் நிறுத்தும் இடம்."

"பதினேழு. இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் சங்கம். பின்..." இங்கே நிறுத்தினார். "குளிப்பாட்டியவர்களைக் குளிப்பாட்ட ஆளில்லை. அப்படியே அடி."

அடித்தேன்.

இருபத்து மூன்றாம் எண் வந்ததும் டீ கேட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு, "இதை விட்டுவிட்டு இருபத்து நான்குக்குப் போ" என்றார். அதுதான் அவருடைய தந்தையின் கடை.

ஆயுத பூஜை அன்று நடந்ததை ஆறுமுகத்தின் அனுமதியோடு எழுதுகிறேன்.

காலையில் கடைக்குப் போனபோது தோல் வெட்டும் கத்திகளுக்கும் தையல் மெஷின்களுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். வாசல் கண்ணாடியில், ஓர் ஆள் உயரத்துக்கு, மஞ்சள் பெயிண்டில் ஆறுமுனை நட்சத்திரம்.

"இது என்ன ஆறுமுகம்?"

"போன தீவாளிக்கு இந்தக் கட்டட ஓனரு வாசல்ல ஸ்வஸ்திகம் போட்டாருல்லா? மேடம் மூஞ்சியே செத்துப் போச்சு. அதான் யோசிச்சேன். இது அவிய கோயில் கேட்லயும் இருக்கு, நம்ம முருகன் சக்கரத்துலயும் இருக்கு. ரெண்டு சாமிக்கும் பொதுவாப் போச்சு. எப்படி நம்ம மூளை?"

"மூளையாம்லா!" என்றார் உள்ளே மெஷினில் இருந்தவர். "ஒரு டப்பா பெயிண்ட காலி பண்ணிட்டு நிக்கான்."

எதிர் நடைபாதையில் மேடம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பஸ்கள் போயின. அவர் சாலையைக் கடக்கவில்லை. ஆறுமுகம் பொரித்தட்டோடு ஓடினார். யார் வரைந்தது என்று மேடம் கேட்டார்.

"மைனே, மேம்சாப்! அச்சா ஹை நா?" நான்தான், நன்றாக இருக்கிறதல்லவா என்று இந்தியில் கேட்டார் ஆறுமுகம்.

"அச்சா," என்றார் மேடம். "கோடெல்லாம் நேர்."

வந்தார். பொரி வாங்கித் தின்றார். பூஜை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மண்ணெண்ணெய் கொண்டுவந்து துடைக்கச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் முன்வாசல் வழியாக வரவில்லை. தோல் கட்டுகள் இறக்கும் பின்வாசல் வழியாகவே வந்து போனார். அந்த வருடம் முழுவதும்.

அன்று மதியம் பின்னறையில் என்னிடம் சொன்னார்.

"அங்கே எங்கள் கடைக் கண்ணாடியிலும் மஞ்சள்தான். கீழே, இங்கே வாங்காதே என்று எழுதியிருந்தது. கோடு அவ்வளவு நேர். அதிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம். பதினொரு வருடம் எங்களிடம் தோல் வெட்டியவன். அப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கை நல்ல கை என்றார். பிறகு கடை அவன் பெயருக்கு மாறியது."

அவன் பெயரையும் சொன்னார்.

"அப்பா பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எப்படி அடிக்கச் சொல்வேன்?"



"நான் இருக்கும்வரை ஆறுமுகத்திடம் சொல்லாதே. கை நடுங்கினால் தோல் வீண்."

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து இரண்டு முறை நினைவூட்டினார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார். பட்டியல் என் வீட்டில் இருந்தது. இருபத்து மூன்றுக்கு எதிரே வெள்ளைத் தாள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், மேடத்தின் கடைக்குப் பை தைக்கும் தாராவிப் பட்டறைக்குப் போனேன். ஆறுமுகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். தன் கையையே பார்த்தார்.

"அதான் பின்வாசலா," என்றார். பிறகு, "ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்லா என்னைய."

அந்தப் பெயரை அடிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

"அடிங்கம்மா. அவிய அப்பா பேரு தாள்ல இருக்கணும்லா. அதுக்காவ அவனும் இருந்துட்டுப் போறான். வெள்ளையா விட்டா அவன் தப்பிச்சுக்கிடுவான்."

சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. மேடம் செய்ய மறுத்ததை நான் செய்தேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தத் தெரு மட்டும்தான். நான் பார்த்தேயிராத, ஆனால் இடப்பக்கம் வலப்பக்கம் தவறாமல் சொல்லத் தெரிந்த தெரு.

அன்று மாலை முன் என்ற பத்தியில் அவருடைய தந்தையின் பெயரை அடித்தேன். பின் என்ற பத்தியில் மற்றவன் பெயரை அடித்தேன். மறுநாள் காலை மாட்டுங்கா தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.