மாடிக்குப் போன பாதாம் பால்

முப்பத்து நான்காவது வாரத்து ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "குழந்தை கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு. இப்படியே போனா நாலு கிலோவைத் தொடும்" என்றார். சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்த அந்த கிளினிக்கில் ஏசி ஜில்லென்று ஓடியும் என் கணவருக்கு வேர்த்துவிட்டது.

"நார்மல் ஆகுமா டாக்டர்? தோள் மாட்டிக்கும்னெல்லாம் போட்டிருக்காங்களே?"

போனில் கண்டதையும் படித்துவிட்டு வந்திருந்தார் மனுஷர். ஸ்கேன் கணக்கு அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனிப்பைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

வீடு திரும்பும்போது நான் என் குழந்தையை நினைக்கவில்லை. என் ஓரகத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. சிட்லபாக்கத்தில் கீழ்வீட்டில் நாங்களும் மாமியாரும், மாடியில் அவர்கள். எங்கள் இருவருக்கும் பத்தே நாள் வித்தியாசத்தில் தேதி குறித்திருந்தார்கள். என் அம்மாவுக்கு மூட்டுவலி, அவளுக்கோ அம்மாவே இல்லை. அதனால் இரண்டு பேர் பிரசவமும் மாமியார் தலையில் விழுந்தது. அவள் எட்டாம் மாதத்திலும் சுடிதார் போட்டுக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்குவாள். நான் சோபாவிலிருந்து எழுவதற்கே ஒரு ஆள் கைகொடுக்க வேண்டும். ஏரிக்கரையில் இருவரும் நடக்கப் போனால் அவளைப் பார்த்து, "உனக்கு வயிறே தெரியலயே, கஷ்டப்படாம பெத்துடுவ" என்பார்கள். என்னைப் பார்த்து, "ரெட்டையாம்மா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வளைகாப்பை இருவருக்கும் ஒரே மேடையில் வைத்தார்கள். வீங்கியிருந்த என் கையில் வளையல் ஏறவில்லை. சோப்பு நுரை தடவி ஏற்றியதில் நாலு உடைந்தது. பக்கத்து நாற்காலியில் அவளுக்கு முழங்கைவரை சலசலவென்று ஏறி நின்றது. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

என் மாமியாருக்கு மட்டும் நாலு கிலோ என்பது பெருமை. "என் பெரியவன் நாலேகால் கிலோ. ஆயுதம்கூட போடல" என்று கீரைக்காரம்மாவிடம்கூடச் சொல்வார். கேட்கக் கேட்க என் கணவர் முகம் வெளிறும். "என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டம்" என்று என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே புலம்புவார்.

மாமியாரிடம் ஒரு பழக்கம். பாரபட்சம் என்று எந்த மருமகளும் வாய் திறக்கக் கூடாது என்று எதையும் சரிபாதியாகத்தான் பங்கு வைப்பார். பாதாம் பால் என்றால் இரண்டு டம்ளர், ஒரே மட்டம். நெய் என்றால் ஒரே கரண்டி. சர்க்கரையைப் பற்றிச் சொன்னால், "டாக்டருக்கு என்ன தெரியும், பிள்ளைத்தாய்ச்சி வேணாம்னு சொல்லலாமா?" என்பார். வீணாக்கினாலும் திட்டு விழும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்ல மாடி ஏறினேன்.

"அக்கா, உங்களுக்கு?"

"நான் குடிச்சாச்சு. இது உனக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

மடக் மடக்கென்று குடித்தாள். மறுநாள் நெய் உருண்டை, அதற்கு மறுநாள் சேமியா பாயசம். என் பங்கில் இனிப்பு எது வந்தாலும் மாடிக்குப் போயிற்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவாள். சரியான தீனிப்பண்டாரம் என்று நினைத்துக்கொண்டே படி இறங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பார்த்துவிட்டார். "எதுக்கு இந்த வயித்தோட மாடி ஏறுற?"

"அவ குழந்தையும் நாலு கிலோ ஆகட்டும். நான் மட்டும் எதுக்குக் கிழிபடணும்?"

"அடிப்பாவி!" என்றார். பிறகு, "நீ படி ஏறாத, குடு" என்று டம்ளரை அவரே வாங்கிக்கொண்டு போனார். என் பயத்தைவிட அவர் பயம் பெரிது.

முப்பத்தாறாவது வாரத்தில் அவளைத் திடீரென்று தாம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எலிக்குஞ்சு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவள் சொன்னாள்.

"ரெண்டு மாசமாவே டாக்டர் சொல்லிட்டிருந்தாங்கக்கா, குழந்தைக்கு வெயிட் ஏறலைன்னு. எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளிய சொன்னா கண்ணு பட்டுடும்னு பயந்துட்டேன். உங்க வயித்தைப் பார்க்கறப்பல்லாம் அவ்வளவு பொறாமையா இருக்கும். இவங்களுக்கு மட்டும் எப்படி வளருதுன்னு திட்டியிருக்கேன்க்கா. நீங்க என்னடான்னா உங்க வாய்க்குப் போறதை எனக்குக் கொண்டுவந்து குடுத்தீங்க. எங்க அம்மா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருப்பாங்களா தெரியல."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "அழாத, தையல் வலிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

பதினைந்து நாள் கழித்து எனக்கு வலி எடுத்தது. உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் நார்மல்தான். பையன், மூன்று எழுநூறு. தோளும் மாட்டவில்லை, ஒன்றும் மாட்டவில்லை. என் கணவர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெட்டியிலிருந்து தேறி வீட்டுக்கு வந்துவிட்ட மகளைத் தூக்கிக்கொண்டு அவள் என் பையனைப் பார்க்கக் கீழே வந்தாள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். இரண்டு குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். "அக்கா மேல எனக்கு அப்ப செம பொறாமை, தெரியுமா? நல்லாத் திட்டியிருக்கேன். அவங்க என்னடான்னா அவங்க பங்கையும் எனக்கே குடுத்தாங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "அவளைப் போய்த் திட்டினியே, அவ போட்ட சாப்பாட்டுலதான்டி உன் பொண்ணு பொழச்சுது" என்றார் மாமியார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் துணியைச் சரிசெய்தார்.

நானும் சிரித்தேன். மனசில் இருந்ததை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாளே, நம்மால் முடியவில்லையே என்று, அந்த நிமிஷம் அவள் மேல் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பொறாமையாக இருந்தது.