எஸ்தர் அக்கா திருப்பிக் கொடுத்த கூடுதல் பொறுப்பு

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது, பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பிள்ளைகள் முன்னால் அழவும் முடியவில்லை.

நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்தில் அங்கன்வாடி டீச்சர் அவர்; அடுத்த ஊர் மையம் என்னுடையது. அவர் வாயை, டீச்சர்களே, நீங்களும் அறிவீர்கள். நமக்குத் தருவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம் என்று ஒரு கூட்டத்தில் மேற்பார்வையாளர் விளக்கியபோது, "மதிப்ப நீங்களே வச்சிக்கோங்க மேடம், ஊதியத்த மட்டும் ஒயுங்கா குடுங்க" என்றவர்.

அக்காவின் குப்பத்துக்கு மறுபக்கம் இருந்த மையத்து டீச்சர் ஓய்வு பெற்றதும், நிதி இல்லை என்று புதிதாக ஆள் போடவில்லை. அதையும் அக்கா தலையில் கட்டினார்கள். பெயர் கூடுதல் பொறுப்பு. ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. அவர் போகாத நாளில் அங்கே பூட்டு. தாய்மார் மீன் விற்கப் போன நேரத்தில் ஒரு குழந்தை தத்தித் தத்தி, கார்கள் பறக்கும் ஈசிஆர் ரோட்டுக்கே போய்விட்டது. கார்க்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தது.

அடுத்த பூட்டு நாளில், தாய்மாரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி நம் அலுவலகத்துக்கே கூட்டிவந்தார் அக்கா. மாதக் கூட்டத்துக்கு வந்திருந்த நான் கண்ணால் பார்த்தேன். அதிகாரி அறையில் பாயை விரித்து எல்லாரையும் உட்காரவைத்தார்.

"என்னம்மா இது?"

"இன்னிக்கி இவங்களுக்கு டீச்சர் இல்ல சார். எனக்குக் குடுத்தீங்களே கூடுதல் பொறுப்பு, அது இன்னிக்கி உங்களுக்கு. அந்தப் பாப்பாவுக்கு மூக்கு ஒயுவுது பாருங்க, தொடச்சி வுடுங்க."

சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் ஒரு வாண்டு அதிகாரியின் சுழல் நாற்காலியிலேயே ஒன்றுக்குப் போனான். சீக்கிரமே அந்த மையத்துக்கு ஆள் வந்தது. அக்காவுக்கு மெமோவும் வந்தது. "வந்துட்டுப் போவுது. ஆளு வந்துச்சில்ல?" என்று சிரித்தார்.

நேற்று அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதே மேற்பார்வையாளரின் போன். "எஸ்தர் சென்டரையும் நீயே பாத்துக்கம்மா. கூடுதல் பொறுப்பு. போஸ்டிங் போட ஃபண்ட் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குழி மண் இன்னும் காயவில்லை.

அக்காவின் மையத்திலிருந்து அந்தப் பாயை எடுத்து வந்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை அதோடும் அக்காவின் பிள்ளைகளோடும் அலுவலகத்துக்குப் பஸ் ஏறப்போகிறேன். அக்காவுக்கு அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் மாலை வாங்க வேண்டாம். ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாருங்கள்.