ஆலங்குளம் கேப்டனும் நானும்

போன வருட ரக்பி ஆட்டத்தில் ஆலங்குளம் அணியின் கேப்டன் மோதித் தள்ளியதில் என் தோள் எலும்பு முறிந்தது. நான் வலியில் கிடந்தபோது அவள் சிரித்தாள். இந்த வருடம் அவர்கள் எங்கள் ஊரான தென்காசிக்கு ஆட வந்தார்கள். அவளை ஒருமுறையாவது மண்ணில் சாய்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் அணி அதுவரை ஒரு ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. பந்து கிடைத்ததும் நேராகப் போய் எதிரியிடம் முட்டிக்கொள்வோம். புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்த போலீஸ்கார அக்கா அதைத்தான் மாற்றப் பார்த்தார். அன்றைய ஆட்டத்தின் இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏட்டி, அவ பந்தைப் பாக்கல, ஒன்னையத்தான் பாக்குதா. நல்லா கிட்ட வர விடு. பொறவு பந்தை ஓரத்துல வார மேரிகிட்ட குடு."

"அப்போ அடி எனக்குல்லாக்கா விழும்?"

"விழும்."

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமப் புள்ளியில் இருந்தன. பந்தோடு நின்ற என்னை நோக்கி அவள் வெறியோடு ஓடி வந்தாள். அவள் மூச்சு முகத்தில் படும்வரை காத்திருந்து, பந்தைப் பின்பக்கமாக மேரிக்கு வீசினேன். அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன், அவள் என்மேல் கிடந்தாள். அவள் விட்டுவந்த இடைவெளி வழியாக மேரி ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தாள். ஜெயித்துவிட்டோம்.

என்மேல் கிடந்தபடியே அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அந்த முகம் வாடியதை அத்தனை அருகில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவளை நான் அடிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு வருடமாக மனதில் வைத்திருந்த பழி தீர்ந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.