சலவைக்கூடத்தில் ஒரு டைல்ஸ் மேஸ்திரி

மேஸ்திரி நாலாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. போகாததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரசமட்டம் வைக்காமலே தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். படித்தவன் எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம். இந்த நகரத்தில் அவர் கைபட்ட குளியலறைகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒன்றில்கூட ஒரு டைல்ஸ் கழன்றதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் நாடு விட்டு இங்கே வந்து முதல் பத்து மாதம் பார்த்த வேலை என்ன தெரியுமா? ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிப்பது.

எல்லாம் மச்சான் புண்ணியம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் இருந்த வீட்டில் ஏழு பேர், ஏழு பேருக்கும் ஒரே ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த ஒரே சலவைக்கூடம். முதலில் மச்சான் நுழைந்தார். அவர் சொல்லி அவருடைய சித்தப்பா மகன், அவன் சொல்லி அவன் கூட்டாளி என்று வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். விமானத்தைவிட்டு இறங்கிய மூன்றாம் நாளே மேஸ்திரிக்கும் சலவைக்கூடத்து நீலக் கோட்டை மாட்டிவிட்டார்கள். அதைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். பாஷை தெரியாதவனுக்கு மூன்றாம் நாள் வேலை யார் கொடுப்பான்?

ஆனால் மடிப்புதான் வரவில்லை. நாலு மூலையும் சேர்ந்தால் நடுவில் பிதுங்கும். நடுவை அமுக்கினால் மூலை எட்டிப் பார்க்கும்.

"மாப்ள, இது விரிப்பா, பொட்டலமா?" என்பார் மச்சான்.

"கல்லுன்னா சொன்னபடி கேக்கும் மச்சான். துணிக்கு ஏது முதுகெலும்பு?"

சிரிப்புக்குப் பின்னால் ஒரு கவலை உட்கார்ந்திருந்தது. மனைவியையும் மகளையும் வரவழைக்க அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். இவ்வளவுக்குக் குறையாத சம்பளம் என்று காட்ட, தொடர்ந்து மூன்று மாதச் சீட்டு கேட்டார்கள். வருடக் கடைசிக்குள் காட்டாவிட்டால் மனு தள்ளுபடி. முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் இரண்டு வருடம். சலவைச் சம்பளமோ அவர்கள் கேட்டதில் பாதியைத்தான் எட்டியது.

"ஏங்க, நீங்க போனுக்குள்ளதான் குடியிருக்கீங்கன்னு பாப்பா நெனைக்குது. நேத்து உறையக் கழட்டித் தேடுது," என்றாள் மனைவி போனில்.

வெளியே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமா என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "ஒரு காசு கூடக் கெடைக்காது" என்று ஏழு பேரும் சத்தியம் செய்தார்கள். பொய்யில்லை. ஏழு பேரும் ஒரே வாசல் வழியாகப் போய் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள். பக்கத்து வாசலில் என்ன கொடுக்கிறான் என்று எவன் கண்டான்?

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே டைல்ஸைப் பார்த்தாலும் சாவியால் தட்டுவார். பசை முழுதாகப் பிடித்திருந்தால் கெட்டிச் சத்தம். உள்ளே வெறும் காற்று என்றால் டொப் என்று கேட்கும். ஒருநாள் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனவர், வழக்கம்போலத் தாழ்வாரச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டங், டங், டொப். நின்றார். மறுபடி அதே இடத்தில் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பதிலுக்கு மூன்று தட்டு தட்டினார்கள்.

எட்டிப் பார்த்தால் பாதி பெயர்த்த குளியலறை. முழங்காலில் மெத்தை கட்டிய ஒரு மொட்டைத்தலையர் கையில் சுத்தியலோடு சிரித்தார். வேற்று நாட்டுக்காரர், இவர் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவருக்குத் தெரியாது. மேஸ்திரி பேசவில்லை. வண்டியை ஓரங்கட்டி, பசைக் கரண்டியை வாங்கி, மூலையில் மூன்று டைல்ஸ் பதித்துக் காட்டினார். மொட்டைத்தலையர் தட்டிப் பார்த்தார். டங். டங். டங். பிறகு மேஸ்திரியின் நீலக் கோட்டைப் பிடித்து இழுத்து, இதென்ன கோலம் என்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

மணிக்கு எவ்வளவு என்று விரலால் பேச்சு நடந்தது. மேஸ்திரி தன் சலவைக் கூலியாக ஏழு விரல் நீட்டினார். அவர் இரண்டு கையையும் விரித்து, பிறகு ஒரு கையை விரித்தார். கூலியைப் பேசினால் இவர் ஒரு நாளைக்குப் பதினைந்து டைல்ஸ் என்கிறாரே, இவ்வளவு சோம்பேறியா என்று மேஸ்திரிக்கு எரிச்சல் வந்தது. மொட்டைத்தலையர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிய பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் வண்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மொட்டைத்தலையரின் டைல்ஸ் கம்பெனிக்கு மாறப்போவதாக வீட்டில் சொன்னதும் மச்சான் குதித்தார். "நான் சொல்லித்தான் உங்கள எடுத்தாங்க. பாதியில ஓடுனா சூப்பர்வைசர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? அடுத்து என் கூட்டாளிக்கு வேற சொல்லி வெச்சிருக்கேன். மானத்த வாங்காதீங்க மாப்ள."

"உங்க தங்கச்சி வரணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க மச்சான்."

மச்சான் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் தனியாகவே வேலைக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் காலை, மேஸ்திரி டைல்ஸ் கம்பெனிக்குக் கிளம்ப எழுந்தபோது அவருடைய பேண்ட் நாற்காலிமேல் இருந்தது, கத்தி மாதிரி மடிப்போடு.

"மண்டி போட்டு வேல செய்யறவனுக்கு இஸ்திரி எதுக்கு மச்சான்?"

"எங்க வீட்டு மாப்ள கசங்கிப் போகக் கூடாது. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிட்டேன். கெளம்புங்க."

கம்பெனி முதலாளி கைவேலையைப் பார்க்கவில்லை. முதலில் ஏதோ கேட்டார். போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்கள்: 'உனக்கு யார் பொறுப்பு?' மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். இங்கேயும் ஒருத்தன் வாய்ச்சொல் வேண்டுமா? மொட்டைத்தலையர் முன்னால் வந்து தன் மார்பில் அறைந்தார், எலும்பு நோகும்படி. அன்று மாலைக்குள் ஒரு முழுச் சுவர் டைல்ஸோடு நிமிர்ந்து நின்றது. தட்டிப் பார்த்த முதலாளிக்கு ஒரு டொப் கூடக் கிடைக்கவில்லை. தன் கையால் முன்னுக்கு வந்த கதையை மேஸ்திரி இன்றும் ஊரெல்லாம் அளப்பார். அதில் அந்த மொட்டைத்தலையரை மட்டும் ஒருபோதும் விட்டதில்லை. அன்றிலிருந்து அவரும் ஒரு மச்சான்தான்.

மூன்று சம்பளச் சீட்டும் கெடுவுக்கு எட்டு நாள் முன்பே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மனைவி வந்திறங்கிய அன்று, மகள் அப்பாவை நிஜ அளவில் பார்த்துப் பயந்து, மாமன் தோளில் ஏறிக்கொண்டது. மேஸ்திரி புதிதாக வாடகைக்குப் பிடித்த வீட்டை மனைவி சுற்றி வந்தாள். குளியலறையில் நின்று விரல் முட்டியால் சுவரைத் தட்டினாள்.

"ஏங்க, இந்த எடம் வெத்தாக் கேக்குதே?"

"வீட்டுக்காரன் போட்டது. நான் போட்டதில்ல."

"அப்ப நாளைக்கே பேத்துப் போடுங்க. நாலு பேர் வந்தா உங்க வேலன்னு நெனைப்பாங்க."

மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற மச்சான் தொண்டையைக் கனைத்தார். "மாப்ள, உங்க கம்பெனில இன்னொரு ஆள் எடுப்பாங்களா?"

"யாருக்கு மச்சான், உங்களுக்கா? உங்களுக்குத்தான் டைல்ஸ் வேல தெரியாதே!"

"உங்களுக்கு மடிக்கத் தெரியும்னா நான் சேத்துவிட்டேன்?"