ஒரு பெட்டிக்கு இரண்டு பூட்டு

என் வீட்டுக்காரரிடம் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட் கூடக் கிடையாது. சொன்னால் எல்லோரும் "நீ கொடுத்து வச்சவ" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் இருப்பது வாட்ச். ஒன்று இரண்டு அல்ல, முப்பத்தொன்பது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் கையில் வாட்ச், மோதிரம், செயின் எதுவும் இருக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. வாரத்தில் ஆறு நாள் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருகிற மனிதர். மீதமிருக்கும் ஒரு நாளுக்கு முப்பத்தொன்பது வாட்ச். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் துண்டை விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சாவி கொடுக்க வேண்டியவற்றுக்குச் சாவி கொடுத்து, ஒவ்வொன்றாகத் துடைப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது. அதுதான் என் கஷ்டகாலம்.

ஊதாரி என்றும் சொல்ல முடியாது. செருப்பு அறுந்தால் மூன்று முறை தைத்துப் போடுவார். வாட்ச் என்று வந்தால் மட்டும் கை நிற்காது. கேட்டால் ஒரே பதில்தான்: "விட்டா கிடைக்காது." விட்டால் கிடைக்காத வாட்ச் மாதம் ஒன்றாவது அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மத்தியானம் பார்ப்பார், சாயங்காலம் வாங்கிவிடுவார், ராத்திரி வந்து "நல்ல விலைக்கு வந்துச்சு" என்பார். நாலு நாள் கழித்து அதன் பக்கமே திரும்ப மாட்டார். எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் அந்த நாலாவது நாளில்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆல்டரேஷன் கடையில் தைக்கிறேன். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. பன்னிரண்டு வருடமாக அதே மிஷின், அதே முதலாளியம்மா. வாடிக்கையாளர்கள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது என் ஆசை. மூன்று வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாப் எதிரே ஓர் இடம் அமைந்தது. இருவரும் சேர்த்த பணத்தை எடுக்கப் போனபோது மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அவர் திருடவில்லை. "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்று எடுத்து எடுத்து நாலு வாட்ச் வாங்கியிருந்தார். அந்த இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர்ச் சாரியில்தான் நடப்பேன்.

அதற்குப் பிறகு மனிதர் விதிகள் போட்டார். ஒன்று வாங்கினால் ஒன்றை விற்க வேண்டும் என்றார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த 'ஒன்று வாங்கினால் ஒன்றை விற்க வேண்டும்' விதி கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? இந்த வருட ஆரம்பத்தில் ஒருநாள், வெள்ளை டயலும் நீல முள்ளும் வைத்த பழைய வாட்ச் ஒன்றை வாங்கி வந்து, "இத மாதிரி ஒண்ண ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன்" என்று மேசையில் வைத்தார். எங்கள் மகளுக்குப் பத்து வயது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது என் பூனை."

பின்பக்க மூடியில் காம்பஸ் முனையால் கீறிய ஒரு பூனை முகம். இரண்டு காது, மூன்று மீசை. அவள் ஏழு வயதில் கீறியது. அதற்காக அடி வாங்கப் பார்த்தது எனக்கும் நினைவிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தானே விற்ற வாட்ச்சைத் தானே கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி வந்திருக்கிறார் இந்தப் புண்ணியவான். நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏனென்றால் அன்று காலையில்தான் எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் என்னை நிறுத்தி, கீழே இருக்கும் நோட்டுப்புத்தகக் கடை காலியாகப் போகிறது, மூன்று மாதத்தில் முன்பணம் கொடுத்தால் உங்களுக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தெருவைப் பார்த்த ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம். ஊசியில் நூல் கோக்க லைட் போட வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் இன்னும் வாய் திறந்து சொல்லக்கூட இல்லை.

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.  மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவர் ஓர் இரும்புப் பெட்டியும், ஒரு கொக்கியும், இரண்டு பூட்டும் கொண்டு வந்தார்.

அந்தக் கொக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்டில் வேலை செய்யும்போது மின்சாரத்தை நிறுத்தி, அந்தச் சுவிட்சில் இதை மாட்டுவார்கள். அதில் ஆறு ஓட்டை. எத்தனை பேர் உள்ளே வேலை செய்கிறார்களோ, அத்தனை பேரும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். கடைசி ஆளின் பூட்டு கழன்றால்தான் கொக்கி திறக்கும், அப்போதுதான் சுவிட்சைப் போட முடியும். "ஒருத்தர் பூட்ட இன்னொருத்தர் தொடக்கூடாது. தொட்டா கீழ இருக்கறவன் உயிர் போயிடும். எங்க வேலையில இத மட்டும் எவனும் மீற மாட்டான்" என்றார்.

"சரி, இப்ப இங்க யாரு கீழ இருக்கா?" என்று கேட்டேன்.

"நீதான்."

பணம் வங்கியில் இருந்தால் போனில் இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும் என்று, மொத்தத்தையும் ரொக்கமாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். தன் வங்கி அட்டையையும் உள்ளே போட்டார். சிவப்புப் பூட்டு அவருடையது, மஞ்சள் பூட்டு என்னுடையது. சம்பள நாளில் இருவரும் சேர்ந்து திறப்போம், வைப்போம், பூட்டுவோம். நான் நம்பினேனா என்று கேட்டால், பாதிதான் நம்பினேன். பூட்டுப் பிரிப்பதெல்லாம் அவருக்கு ஒரு வேலையா? அவர் பையில் இருக்கும் கட்டரைக் கொண்டு என் மஞ்சள் பூட்டைக் கொட்டாவி விடும் நேரத்தில் வெட்டிவிடலாம்.

இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று துருவினேன். ஒரு பல் டாக்டர் வீட்டு லிஃப்ட் நின்றுபோய் சரிசெய்யப் போயிருக்கிறார். டாக்டர் கையில் ஒரு வாட்ச். சாம்பல் நிற டயல், தேதியைக் காட்ட ஓரத்தில் தனியாக ஒரு சிவப்பு முள். பத்தொன்பது வயதில், வேலைக்குப் போகும் வழியில், ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் தினமும் பார்த்து நின்ற அதே வாட்ச். அந்தக் கடையை மூடியதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

"கேட்டீங்களா?"

"கேக்கல. அவராத்தான் சொன்னாரு, எப்பவாவது குடுக்கறதா இருந்தா உங்களுக்குத்தான்னு."

"கேக்காமலே சொன்னாரா?"

 தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முன்பணம் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. அன்று மட்டும் அவர் விடுப்பு எடுத்திருந்தார், எனக்கு வேலை. மகள் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் என் சம்பளத்தின் கடைசிப் பங்கைப் பெட்டியில் வைத்தோம். தொகை சரியாக முழுமையானது. அவர் தன் பூட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அப்போது பார்த்துக் கட்டடத்துச் சொந்தக்காரர் போன் செய்தார். பேசிக்கொண்டே கதவைச் சாத்தி, பேசிக்கொண்டே கடைக்கு ஓடினேன்.

கடையில் முதலாளியம்மா எங்கள் போன்களை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார். கையில் போன் இருந்தால் தையல் கோணும் என்பது அவர் கட்சி. சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்பக் கையில் வந்தது. அவரிடமிருந்து ஏழு அழைப்பு, ஒரு செய்தி. "சீக்கிரம் வா. பெட்டி."

அவ்வளவுதான்.  பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தேன், பாதி வழி ஓடினேன். டாக்டர் கூப்பிட்டிருப்பார், இவர் வெட்டியிருப்பார், வாங்கிவிட்டு இப்போது அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒவ்வொரு வசவை மனதுக்குள் தயார் செய்துகொண்டே ஏறினேன்.

கதவைத் திறந்தால் பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெட்டி. கொக்கியில் என் மஞ்சள் பூட்டு வாய் திறந்து தொங்குகிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. "நீங்க ஜென்மத்துக்கும் திருந்த மாட்டீங்க" என்றேன். "உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கடிகாரத்தக் கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம், அதாவது ஒழுங்கா ஓடும்" என்றேன். பையைத் தூக்கி எறிந்தேன். என் டிபன் டப்பா உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.  நான் மூச்சு வாங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"என் பூட்டு போட்டபடிதான் இருக்கு, பாரு."

பார்த்தேன். சிவப்புப் பூட்டு இறுகித்தான் இருந்தது.

"நீதான் காலைல போன் பேசிக்கிட்டே மாட்டிட்டு, அமுக்காமப் போயிட்ட. அதச் சொல்லத்தான் ஏழு தடவ கூப்பிட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. ஒரு கையில் போன், மறு கையில் பூட்டு. மாட்டினேன். அமுக்கும் சத்தம் கேட்டதாக நினைவில்லை.

அவரே மெல்லச் சொன்னார். பத்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டிருக்கிறார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம், வாட்ச்சை விற்றுவிடப் போகிறாராம். நாலு மணிக்கு வேறொருவர் வருகிறார், அதற்குள் வந்தால் உங்களுக்கு என்றாராம்.

"சும்மா பெட்டியப் பாக்கலாம்னுதான் எந்திரிச்சேன். சத்தியமா சொல்றேன், பூட்டியிருக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன். பாத்தா உன் பூட்டு தொறந்து கெடக்கு. எங்கிட்ட என் சாவி இருக்கு."

"அமுக்கிப் பூட்டியிருக்கலாம்ல? ஒரு அமுக்குதானே?"

"உன் பூட்ட நான் தொடக்கூடாது. பூட்டறதுக்குக் கூட." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் அதட்டலே இருந்தது. "கூட வேலை செய்யறவன் பூட்டு தொறந்து கெடந்தா, அவன் எதுக்கு விட்டான்னு நமக்குத் தெரியாது. அவன் வர்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு அசையக் கூடாது. அதான் உக்காந்துட்டேன்."

"பத்து மணிலேருந்தா?"

"பத்து மணிலேருந்து."

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மூணு தடவ கூப்பிட்டாரு. மொத தடவ, பாத்துச் சொல்றேன்னேன். ரெண்டாவது தடவ எடுக்கல. மூணரைக்கு எடுத்து, வேணாம் சார்னு சொல்லிட்டேன்."

பதினாலு வருடக் குடித்தனத்தில் ஒரு வாட்ச்சைப் பற்றி 'வேணாம்' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "கஷ்டமா இருந்துச்சா?" என்றேன்.

"இப்பவும் கஷ்டமாத்தான் இருக்கு."

அதற்கு மேல் நிற்க முடியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை. வாய் வேறு எதையோ கேட்டது.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"பாத்ரூமுக்காவது போனீங்களா, இல்ல அதுவும் இல்லயா?"

"ரெண்டு தடவ. ஓடிப் போயிட்டு ஓடி வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கதவு சாத்தித்தானே இருந்துச்சு. வீட்டுல வேற யாரு இருந்தா, வந்து எடுக்கறதுக்கு?"

"நான் இருந்தேனே" என்றார்.

அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.  அவர் கை என் பக்கத்தில் தரையில் ஊன்றியிருந்தது. அதன் மேல் என் கையை வைத்தேன். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. பிடித்துத் தூக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் பூட்டை அவரும், என் பூட்டை நானும் கழற்றினோம். கட்டடத்துச் சொந்தக்காரர் ஒப்பந்தத்தில் யார் பெயரை எழுதுவது என்று அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் என்னைக் காட்டினார்.