உசுரு எது, தீனி எது?

காலையில் போன் வந்தது. "பேச்சியக்கா போயிட்டாக" என்றாள், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் என் பக்கத்து வீட்டுச் செல்வி. எங்கே போனார் என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் புரிந்தது. மாரடைப்பு என்கிறார்கள் சிலர், பிரஷர் என்கிறார்கள் சிலர். முந்தின நாள் மாலை என்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனவர். எனக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஏலப்பாறைக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் பேச்சியம்மாள் அக்கா மூத்த ஆயா, நான் இளையவள். பிள்ளைகளைத் தூங்கவைப்பது அவர், அடுப்பும் துணியும் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் அவரை நம்பித்தான் மலையேறினார்கள்.

சென்ற மழைக்காலத்தில் செல்வியின் மகள் யாழினிக்குக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் கொடுத்ததில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. டாக்டர் போனில் ப்ரோபயாடிக் வாங்கச் சொன்னார். செல்வியின் கணவர் கடையில் பெயரை மாற்றிச் சொல்லி வேறொரு பொடியை வாங்கி வந்துவிட்டார்.

அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரு சொன்னது ப்ரோல்லா? இதுல ப்ரீன்னுல்லா போட்டிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான், குடுங்கக்கா. வேலைக்கு நேரமாச்சு" என்றாள் செல்வி.

"ஒண்ணாவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். எனக்குக் கொழப்பமா இருக்கு தாயி. கேக்காமக் குடுக்க மாட்டேன்."

செல்வி கத்தித் தீர்த்தாள். குழந்தையோ துவண்டு கிடந்தது. அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப் பிடித்தார். நாங்களும் பின்னால் ஓடி ஏறினோம்.

டாக்டர் விளக்கினார். ப்ரோபயாடிக் என்பது உயிருள்ள நல்ல கிருமி. ப்ரீபயாடிக் அந்தக் கிருமிகளுக்குத் தீனியாகும் நார்ச்சத்து. வாழைப்பழத்திலும் வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது. இந்த நிலையில் அந்தப் பொடியைக் கொடுத்திருந்தால் வயிறு உப்பி வேதனை கூடியிருக்கும் என்றார். முதலில் வற்றிய நீரை ஈடுகட்ட வேண்டுமென்று ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டச் செய்தார். யாழினி கண் திறந்து பார்த்தபோது செல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆனால் அக்காவுக்கு அந்தக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை. வாழைப்பழம் மசிக்கும்போதெல்லாம் கேட்பார்: "உசுரு எது, தீனி எது? மறுபடி மறந்துட்டேன் பாத்துக்கோ."

"ப்ரோதான் உசுருக்கா."

"அப்ப இந்தப் பழம்?"

"அது தீனி."

"அப்ப தயிரு?" என்பார். நான் யோசிப்பேன். சொல்லத் தொடங்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிடும். இருவரும் சிரிப்போம்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான்தான் காப்பகத்தைத் திறந்தேன். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொட்டில் என்று எனக்குத் தெரியவில்லை. மாற்றி மாற்றிப் படுக்கவைத்தேன். ஒன்றும் உறங்கவில்லை, எல்லாம் வாசலையே பார்த்து அழுதன. நடுவில் நின்று நானும் அழுதேன்.

நீங்களாவது நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா.